ஜெய்னம்பும் ஜெல்சொமினாவும்

கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலை. தரம் 7. காலையில் டீச்சர் இடாப்புக் கூப்பிடுகிறார். பாத்திமா சாஜிதா, மர்யம், யாஸ்மின், கமருன்னிஸா, சுரையா, ஜமீலா, பர்வீன், நிலூபர், றிஸ்னா. ஒவ்வொருவராக "இருக்கன் டீச்சர்" என்று கையைத் தூக்குகிறார்கள். ஒரு நிமிட வேலைதான். ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்குள் அறபு, பாரசீகம், எபிரேயம், சமஸ்கிருதம், தமிழ் என்று ஐந்து மொழிகள் அந்த அறைக்குள் வந்து போய்விட்டன. கூடவே ஒரு நட்சத்திரக் கூட்டம் இரண்டு தடவை வந்தது. எங்கே என்று பிறகு சொல்கிறேன்.

பெயர்களை ஆராய்வதும் அறிவியல்தான், பிள்ளைகளே. அது மொழியியலின் ஒரு பகுதி. நுணுக்குக்காட்டி வேண்டாம், சோதனைக் குழாய் வேண்டாம். உங்கள் நாக்கு, உதடு, தொண்டை மூன்றும் இருந்தால் போதும்.

முதலில் ஜமீலாவை எடுப்போம். இந்தப் பெயரிலிருந்து உயிரொலிகளை உருவிவிட்டால் ஜ், ம், ல் என்ற மூன்று மெய்கள் மிஞ்சும். இதுதான் வேர். அழகு சம்பந்தப்பட்ட சொற்களை எல்லாம் அறபு மொழி இந்த மூன்றிலிருந்தே செய்கிறது: ஜமால், ஜமீல், ஜமீலா. இனி வேரை மாற்றி, இடையில் வரும் உயிர்களை அப்படியே வைத்துப் பாருங்கள். க், ர், ம் போட்டால் கரீமா. ஸ், ல், ம் போட்டால் ஸலீமா. ஹ், ம், த் போட்டால் ஹமீதா. ஹமீதாவின் வேரைக் கவனியுங்கள். புகழ் என்ற பொருள் கொண்ட அதே வேரிலிருந்துதான் முஹம்மத், அஹ்மத், மஹ்மூத் எல்லாம் வருகின்றன. கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரியில் ஒரு ஹமீதா படித்தால், பிள்ளையும் பாடசாலையும் ஒரே வேர்.

இன்னொரு அச்சு இருக்கிறது: ஆ, இ, ஆ. சாஜிதா, ராஷிதா, ஆயிஷா, பாத்திமா எல்லாம் இந்த அச்சில் வார்த்தவை. சாஜிதா என்றால் ஸுஜூது செய்பவள். மஸ்ஜித் என்ற சொல்லில் அதே ஸ், ஜ், த் ஒளிந்திருப்பதை நான் சொல்லாமலே கண்டுபிடித்திருப்பீர்கள். ஆயிஷாவின் வேர் வாழ்தல். கதீஜா என்பதற்கு, நாள் முந்திப் பிறந்த பிள்ளை என்று அகராதிகள் பொருள் சொல்கின்றன. பாத்திமாவின் வேருக்குப் பால்குடி மறக்கச் செய்தல் என்று பொருள். பெயர் வைத்த காலத்தில் அவை குழந்தை பிறந்த வீட்டின் சொற்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். பிறகு அந்தப் பெயர்களைத் தாங்கியவர்களின் பெருமையால் வேர்ப்பொருள் பின்னுக்குப் போய்விட்டது. இன்றைக்குப் பிள்ளைக்குக் கதீஜா என்று பெயர் வைக்கும் எந்த உம்மாவும் குறைமாதத்தை நினைப்பதில்லை.

இந்த அச்சுக்குள் ஒரு வேடிக்கையும் உண்டு. சாஹிரா என்பது பெண்பால் சொல், பிரகாசிப்பவள் என்று பொருள். (முதல் எழுத்து உண்மையில் தேனீ ரீங்காரம் இடுவதுபோல் ஒலிக்க வேண்டும். தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால் ச போட்டுச் சமாளிக்கிறோம்.) அப்படியானால் கொழும்பிலும் கல்முனையிலும் ஆண்பிள்ளைகள் படிக்கிற சாஹிராக் கல்லூரிக்கு எப்படிப் பெண்பெயர் வந்தது? கொழும்பில் 1892 இல் தொடங்கியபோது அதன் பெயர் அல் மதரஸதுஸ் ஸாஹிரா. அறபியில் மதரஸா பெண்பால். பெயர்ச்சொல் பெண்பால் என்றால் அடைமொழியும் பெண்பால் ஆக வேண்டும். அவ்வளவுதான் காரணம். பையன்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாத்திமா ஸஹ்ரா, வெள்ளிக் கோளுக்கு அறபியில் உள்ள ஸுஹ்ரா என்ற பெயர், கெய்ரோவின் அல் அஸ்ஹர், எல்லாமே அந்த வேரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள்.

இப்போது நாக்குக்கு வேலை. கமருன்னிஸா என்ற பெயரைப் பிரிப்போம். கமர் என்றால் நிலவு, நிஸா என்றால் பெண்கள். நடுவில் அல் என்ற ஒட்டு. பெண்களின் நிலவு. அப்படியானால் கமருல்நிஸா என்றல்லவா வர வேண்டும்? நூருல் ஐன் என்ற பெயரில் உல் அப்படியே இருக்கிறதே. இங்கே மட்டும் ல் எப்படி ன் ஆனது?

ல் என்று சொல்லி நாக்கை அப்படியே நிறுத்துங்கள். நுனி எங்கே இருக்கிறது? மேற்பல்லின் பின்னால். இப்போது ந என்று சொல்லுங்கள். நுனி ஏறக்குறைய அங்கேதான். இரண்டு ஒலிக்கும் ஒரே இடம் என்றால் நாக்கு எதற்கு இரண்டு வேலை செய்ய வேண்டும்? முதல் ஒலியை இரண்டாவதுக்குள் கரைத்துவிடுகிறது. ஐன் என்பதன் முதல் ஒலியோ அறபியில் தொண்டைக்குள் பிறப்பது. அங்கே நாக்கு நுனிக்கு வேலை இல்லை, ஆகவே ல் தப்பித்தது. மதரஸாவில் ஓதப் போகிற பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. அறபு எழுத்து 28 இல் 14 சூரிய எழுத்து, 14 சந்திர எழுத்து என்று ஹஸ்ரத் சொல்லியிருப்பார். ல் கரைந்து போவது சூரிய எழுத்தில். அவை எல்லாம் நாக்கின் முன்பகுதியில் பிறப்பவை.

இதையே நமது தமிழ் டீச்சரும் கற்பிக்கிறார், வேறு பெயரில். நல் + நூல் என்ன? நன்னூல். பவணந்தி முனிவர் 13 ஆம் நூற்றாண்டில் எழுதிய இலக்கண நூலின் பெயரே இதற்கு உதாரணம். நல்+நூல் நன்னூல் ஆனதும், அல்+நிஸா அன்னிஸா ஆனதும் ஒரே நாக்கின் ஒரே சோம்பல். அறபியும் தமிழும் ஒரு குடும்பத்து மொழிகள் அல்ல. ஆனால் மனித வாயின் அமைப்பு எல்லோருக்கும் ஒன்று. காலையில் மதரஸாவில் ஒரு தடவை, பிறகு தமிழ்ப் பாடத்தில் ஒரு தடவை, ஒரே விதியை இரண்டு பாடமாகப் படித்துவிட்டு இரண்டுக்கும் சம்பந்தம் தெரியாமல் இருக்கிறோம். எனக்கு இதுதான் பெரிய அதிசயம்.

அடுத்தது ஜெய்னம்பு. உங்கள் மூத்தம்மாவின் தலைமுறையில் இந்தப் பெயர் ஊருக்கு ஊர் கேட்கும். அறபியில் அது ஸைனப். முடிவில் ப் என்ற மெய். தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. பாக்கு, வீடு, காற்று என்று எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ஸைனபுக்கும் ஓர் உ கிடைத்தது. சரி, ம் எங்கிருந்து வந்தது? தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு "பாம்பு" என்று சொல்லுங்கள். அதிர்வு விடாமல் ஓடும். "பாப்பு" என்று சொல்லுங்கள். நடுவில் ஒரு கணம் அதிர்வு நிற்கும். ஸைனபின் கடைசி ஒலி அதிர்வுள்ள ஒலி. தமிழில் ப எழுத்துக்கு அந்த அதிர்வைச் சந்தேகமில்லாமல் கொடுப்பது அதற்கு முன்னால் வரும் ம் தான். கம்பு, தும்பு, வேம்பு என்று பழகிய தமிழ் வாய் ஸைனபையும் அதே தடத்தில் ஓட்டி ஜெய்னம்பு ஆக்கிக்கொண்டது. பிழையாகச் சொன்னார்கள் என்று யாராவது சிரித்தால் நம்பாதீர்கள். அந்த அதிர்வைக் காப்பாற்றத்தான் அவ்வளவு பாடு.

மூத்தம்மா ஜெய்னம்பு, பேத்தி ஸைனப் என்று ஒரே வீட்டில் இருப்பார்கள். பேத்திக்கு மூத்தம்மாவின் பெயரைத்தான் வைத்தார்கள், ஆனால் எழுத்தில் அது வேறு பெயர் மாதிரித் தெரிகிறது. 1970களின் பிற்பகுதியிலிருந்து நம் ஊர்க்காரர்கள் சவூதி, கட்டார், குவைத் என்று வேலைக்குப் போனார்கள். அங்கே காதில் விழுந்த உச்சரிப்பு திரும்பி வந்து பிறப்புச் சான்றிதழில் ஏறியது. பழைய பெயர்களில் உம்மா, பீவி, நாச்சி என்று வால் இருக்கும்: முத்தும்மா, பாத்தும்மா. முத்தும்மாவில் முன்பாதி தமிழ். இப்போது இந்த வால்கள் குறைந்துவிட்டன. பதிலாக எதுகை வந்திருக்கிறது: மூத்தவள் றிஸ்னா என்றால் அடுத்தவள் நிஸ்னா, கடைக்குட்டி ஹஸ்னா.

பாத்திமாவை இன்னும் முடிக்கவில்லை. கல்முனையில் கார்மேல் பற்றிமாக் கல்லூரி என்று ஒரு கத்தோலிக்கப் பாடசாலை இருக்கிறது. பாத்திமா, பற்றிமா. இரண்டும் ஒன்றா? ஒன்றேதான்! ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் போர்த்துக்கல் இருக்கிறது. அந்த நாட்டின் பெரும் பகுதியை முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகள் ஆண்டார்கள். அறபுப் பெயரான பாத்திமா அங்கே ஓர் ஊரின் பெயராக மிஞ்சியது. அந்த ஊரில் 1917 இல் மூன்று சிறுபிள்ளைகள் மரியன்னையின் காட்சியைக் கண்டதாகக் கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள். அதன் பிறகு பற்றிமா மாதா என்ற பெயர் உலகமெங்கும் உள்ள கோவில்களுக்கும் பாடசாலைகளுக்கும் போயிற்று. அறபியிலிருந்து நேராக வந்த பெயரும், போர்த்துக்கலைச் சுற்றி வந்த அதே பெயரும் கல்முனையில் சில தெருக்கள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. ஒன்றை த் போட்டும் மற்றதை ற் போட்டும் எழுதுவதால் யாரும் கவனிப்பதில்லை.

பாத்திமா அந்தப் பக்கம் போனாள் என்றால் மர்யம் எல்லாப் பக்கமும் போனாள். எபிரேயத்தில் மிர்யாம். அறபியில் மர்யம், குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண், 19 ஆவது சூராவுக்கே அவர் பெயர். கிரேக்கமும் லத்தீனும் கடைசி ம் ஐ விட்டுவிட்டன, மரியா ஆயிற்று. இத்தாலி நாட்டில் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு ஒரு மரியா. ஹவ்வா அங்கே ஏவா. ஸாரா அங்கேயும் ஸாரா.

இத்தாலிப் பெண்பெயர்களுக்கும் நம் பெயர்களுக்கும் ஓர் ஒற்றுமை காதுக்கே தெரியும்: கடைசியில் ஆ. அறபியில் கரீம் ஆண், கரீமா பெண். இத்தாலியில் பாவொலோ ஆண், பாவொலா பெண். ஆனால் இது சொந்தம் அல்ல, தற்செயல். அறபியின் ஆ வேறு வழியாக வந்தது, லத்தீனின் ஆ வேறு வழி. ஒரே மாதிரி இருப்பதெல்லாம் உறவு என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

உண்மையான உறவுக்கு விதி வேண்டும். இதோ ஒன்று. நமது யூஸுப் இத்தாலியில் ஜூசெப்பே. நமது யஃகூப் அங்கே ஜாக்கொமோ. சொல்லின் முதலில் ய வந்தால் இத்தாலியன் அதை ஜ ஆக்குகிறது. யாத்திரையை வட இந்தியாவில் சிலர் ஜாத்ரா என்று சொல்வதும் இதே கதைதான், நடுநாக்கு கொஞ்சம் மேலே அழுந்தினால் ய ஜ ஆகிவிடும், சொல்லிப் பாருங்கள். இப்போது இடாப்பில் உள்ள யாஸ்மினை அங்கே கொண்டு போனால் என்ன ஆகும்? யாஸமீன் என்பது பாரசீகச் சொல், மல்லிகை இனத்துப் பூ. அறபுக்காரர்கள் பூவையும் பெயரையும் மேற்கே கொண்டு போனார்கள். இத்தாலியில் அந்தப் பூ ஜெல்சொமீனோ. பெண்ணுக்குப் பெயராக வைத்தால் ஜெல்சொமினா. 1954 இல் வெளிவந்த லா ஸ்த்ராதா என்ற பெயர்பெற்ற இத்தாலியப் படத்தின் கதாநாயகி பெயர் அதுதான். நடுவில் ல் எப்படி வந்தது என்றால், இத்தாலியனில் முசுக்கட்டை மரத்துக்கு ஜெல்சொ என்று பெயர். புதிதாக வந்த சொல்லைத் தெரிந்த மரத்தோடு சேர்த்து அவர்கள் வாய் பழக்கிக்கொண்டது. ஜெய்னம்புக்கு நம் வாய் செய்ததை நினைத்துப் பாருங்கள்.

இத்தாலியின் பழைய குடிகளான ரோமர்கள் பெண்பிள்ளைக்குப் பெயர் தேடி மண்டையை உடைத்ததில்லை. வாப்பாவின் வம்சப் பெயருக்கு ஆ போட்டால் முடிந்தது. யூலியுஸ் வம்சத்தில் பிறந்தால் யூலியா, கிளாவுதியுஸ் வம்சமானால் கிளாவுதியா. இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தால்? இரண்டும் யூலியாதான், பெரிய யூலியா, சின்ன யூலியா. ஜூலியஸ் சீசருக்கு இரண்டு சகோதரிகள்: யூலியா, யூலியா. அத்தை: யூலியா. மகள்: யூலியா. உம்மா வாசலில் நின்று "யூலியா, சோறு திங்க வா" என்று கூப்பிட்டால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்! அந்த யூலியாதான் நம் ய–ஜ விதிப்படி இன்றைய இத்தாலியில் ஜூலியா.

நம் கரையோரத்தில் வம்சம் எதிர்ப் பக்கமாக ஓடுகிறது. சம்மாந்துறையிலிருந்து அக்கரைப்பற்று வரை பெரியவர்களிடம் கேளுங்கள், குடி என்று ஒன்று சொல்வார்கள். பிள்ளைக்குக் குடி உம்மாவின் வழி வரும். ஆனால் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து வாப்பாவினுடையது. பிள்ளையின் பெயர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

சரி, நட்சத்திரக் கூட்டம். பெப்ரவரி மாதம், மாரி மழை விட்டபின், மஃரிப் தொழுகை முடிந்து நன்றாக இருட்டியதும் கடற்கரைக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே ஒரு சிறு கொத்து தெரியும். வெறும் கண்ணுக்கு ஆறு புள்ளி. தமிழில் அது கார்த்திகை, அறுமீன். அறபியில் அதற்குப் பெயர் துரையா, நம் ஊரில் சுரையா. பாரசீகத்தில் அதற்குப் பெயர் பர்வீன். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருக்கும் சுரையாவும் பர்வீனும் ஒரே நட்சத்திரக் கூட்டத்தின் பெயரைத் தாங்கியவர்கள், அது இருவருக்குமே தெரியாது.

இந்தக் கூட்டத்தை 1610 இல் ஓர் இத்தாலியர் தொலைநோக்கியால் பார்த்தார். கலிலியோ. வெறும் கண்ணுக்கு ஆறு தெரிந்த இடத்தில் 36 புள்ளிகளை வரைந்து புத்தகத்தில் வெளியிட்டார். இன்று ஆயிரத்துக்கு மேல் தெரியும். கூட்டத்தின் வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டு, அவை பிறந்த காலத்தில் பூமியில் டைனோசர்கள் நடமாடின. தூரம் ஏறத்தாழ 440 ஒளியாண்டு. அதாவது இன்றைக்கு உங்கள் கண்ணில் விழும் சுரையாவின் ஒளி, கலிலியோ இளைஞராக இருந்த காலத்தில் அங்கிருந்து புறப்பட்டது. கிரேக்கர்கள் அந்தக் கூட்டத்தை ஏழு சகோதரிகள் என்றார்கள். அவர்களில் இருவர் மாயா, எலெக்ட்ரா. எலெக்ட்ரா இத்தாலியில் எலெத்ரா என்று பெண்பெயர். வானொலிக்கு வழி திறந்த மார்க்கோனி தன் ஆராய்ச்சிக் கப்பலுக்கும் பிறகு தன் மகளுக்கும் அந்தப் பெயரைத்தான் வைத்தார்.

கலிலியோவுக்கும் ஒரு மகள், 1600 இல் பிறந்த வெர்ஜீனியா. கன்னியாஸ்திரி ஆனபோது அவள் ஏற்றுக்கொண்ட பெயர் மரியா செலெஸ்தே. செலெஸ்தே என்றால் வானத்துக்குரியவள். முன்பாதி நம் மர்யம்.

நிலூபர் மட்டும் பாக்கி. இவள் வெளியூருக்குப் போய்த் திரும்பி வந்தவள். சமஸ்கிருதத்தில் நீலோத்பலம், நீல நிறத்து ஆம்பல். சொல் பாரசீகத்துக்குப் போய்ப் பேச்சில் தேய்ந்து நீலூபர் ஆயிற்று. பெண்களுக்குப் பெயராகி, முஸ்லிம் வீடுகள் வழியாக மறுபடி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. உங்கள் பாடப் புத்தகத்தில் இலங்கையின் தேசிய மலர் நீலோற்பலம் என்று படம் போட்டிருக்கிறதே, அது நிலூபரின் படம். பெயரில் பூ வைத்திருக்கும் இன்னொருத்தி றைஹானா. றைஹான் என்றால் மணமுள்ள செடி, குறிப்பாகத் திருநீற்றுப்பச்சை. நோன்பு திறக்கும்போது பலூடாவில் வழுவழுவென்று மிதக்கும் கசகசா அந்தச் செடியின் விதைதான். றைஹானா யாராவது உங்கள் வகுப்பில் இருந்தால் இந்தச் செய்தியைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு கொப்பி எடுத்து நான்கு பத்தி வரும்படி கோடு கிழியுங்கள். முதல் பத்தியில் உம்மா, சாச்சி, மூத்தம்மா, மூத்தம்மாவின் உம்மா என்று உங்கள் உம்மாவின் குடியில் உள்ள பெண்களின் பெயர்களை, அடையாள அட்டையில் உள்ளபடி எழுதுங்கள். இரண்டாவது பத்தியில் வீட்டில் கூப்பிடும் பெயர். பாத்துவா, பாத்தும்மாவா, கதிசாவா, காதில் விழுந்தபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். மூன்றாவதில் எந்த ஒலி கூடியது, எந்த ஒலி விழுந்தது என்று குறியுங்கள். நான்காவது பத்தி காரணத்துக்கு. அதற்குத்தான் நாக்கும் விரலும் வேண்டும். இரண்டு எச்சரிக்கை: மூத்தம்மாவிடம் லுஹருக்குப் பிறகு, அவர் வெற்றிலை போட்டுச் சாய்ந்திருக்கும் நேரத்தில் கேளுங்கள். இரண்டாவது, ஒரு பெயர் கேட்டால் அவர் அந்தப் பெயர்க்காரியின் கலியாணக் கதை, காணிக் கதை எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த பெயருக்கு வருவார். கொப்பி பெரிதாகவே இருக்கட்டும்.